கிரவல் கிடங்கு பெருக்குமுன் பார்க்க வேண்டியவை

பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் வாடகை வீடுகளில் வாழும் விவசாயக் குடும்பங்கள் சிலவற்றுக்கு வன்னியில் இன்னும் காணி உண்டு. காணிக்குப் பக்கத்திலுள்ள கிரவல் கிடங்கைப் பெருப்பிக்கப் போகிறார்கள் என்று ஊரிலிருந்து செய்தி வந்தால், கொழும்பிலிருந்து என்ன செய்வது என்று சோர்ந்து விடுகிறோம். செய்யக்கூடியவை உண்டு.

கிரவல் வேண்டாம் என்பது நமது வாதமன்று. வீதிக்கும் வீட்டு அத்திவாரத்துக்கும் அது தேவை. எவ்வளவு, எங்கே, தோண்டியபின் யார் மூடுவது என்பவையே கேள்விகள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நிலத்தடிக் கனிப்பொருள் அரசுக்குரியது. மேலுள்ள காணி உங்களுடையது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இன்றிக் கிரவல் அகழவோ ஏற்றிச் செல்லவோ முடியாது. அதை வழங்குவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். தனியார் காணியில் அகழ உரிமையாளரின் சம்மதம் வேண்டும். ஆகவே, 'ஆளில்லாக் காணி' என்று பெயர் விழ இடங்கொடாதீர்கள். உறுதியின் பிரதியொன்றைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கொடுத்து வையுங்கள்.

பழைய கிடங்கைப் பாருங்கள்

புதிய விண்ணப்பத்தின் தரத்தைப் பழைய கிடங்கே காட்டும். ஊருக்குப் போகும்போது இவற்றைக் கவனியுங்கள்:

1. எல்லை: எல்லைக் கற்கள் உண்டா? அகழ்வு அவற்றைத் தாண்டியிருக்கிறதா? குளக்கட்டு, வாய்க்கால், சேமக்காலை, வீதி ஆகியவற்றுக்கு எவ்வளவு தூரம்?

2. ஆழம்: முடிச்சிட்ட கயிற்றால் அளக்கலாம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. 10 அடி ஆழம் தோண்டினால் 4,356 கியூப் மண் வெளியேறும். 3 கியூப் ஏற்றும் டிப்பருக்கு அது 1,452 தடவை. அத்தனை ஓட்டத்தை உங்கள் ஒழுங்கை தாங்குமா?

3. மேல்மண்: பயிர் விளைவது மேல்மண்ணில்தான். அதை வேறாகக் குவித்து வைத்திருக்கிறார்களா, கிரவலோடு ஏற்றிவிட்டார்களா? மேல்மண் போன காணி, கிடங்கு மூடப்பட்டாலும் விளையாது.

4. தண்ணீர்: கிடங்கு நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால், பக்கத்துக் கிணற்று நீர் அதை நோக்கி ஊறும். புரட்டாதிக் கடைசியிலும் தை மாதத்திலும் கிணற்று நீர்மட்டத்தை அளந்து, திகதியோடு எழுதி வையுங்கள். மாரியில் கிடங்கின் சேற்றுநீர் குளத்துக்குப் போகிறதா என்றும் பாருங்கள்.

5. பாதுகாப்பு: செங்குத்தாக வெட்டிய ஓரத்தில் நிற்காதீர்கள், வேலி இல்லையென்றால் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் காலடி வைக்காதீர்கள்.

மூடாத கிடங்குகள் எவ்வளவு காலம் கிடக்கும் என்பதை வலிகாமம் வடக்கு மக்கள் அறிவர். 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரினால் நின்றது. அதற்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகள் தொழிற்சாலை நின்ற பின்பும் மூடப்படாமல் கிடந்தன. இடம்பெயர்ந்து திரும்பியோர் தம் ஊரில் கண்ட காட்சிகளுள் அவையும் ஒன்று.

கொழும்பில் செய்யக்கூடியது

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அனுமதிப்பத்திரத்தின் பிரதி, எல்லை வரைபடம், அனுமதித்த ஆழம், நிலத்தை மீளச் சீரமைக்க வைத்த பிணைப்பணம் ஆகிய நான்கையும் கேளுங்கள். பணியகம் பிட்டகோட்டையிலும், சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்துக்குப் பொறுப்பான மத்திய சுற்றாடல் அதிகார சபை பத்தரமுல்லையிலும் உள்ளன. இரண்டுக்கும் பாமன்கடையிலிருந்து ஒரே பகலில் போய்வரலாம்.

ஊரிலுள்ள அயலவர் அளந்த கணக்கையும், நீங்கள் இங்கே பெற்ற பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்திரத்தில் 10 அடி, கிடங்கில் 18 அடி என்றிருந்தால், அதைப் பிரதேச செயலாளருக்கும் பணியகத்துக்கும் பலர் கையொப்பமிட்டு எழுதுங்கள். பழைய கிடங்கைச் சீர்செய்யும்வரை புதியதற்கு அனுமதி வேண்டாம் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. கிடங்கு வெட்டியபின் கேட்பதிலும், வெட்டுமுன் கேட்பதே பலன் தரும்.