மனநலச் சிகிச்சையில் ஏன் இத்தனை பிரிவுகள்?



வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரகடம் வரை அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளும் ஏராளம். இரவு ஷிப்ட், தூக்கக் குறைவு, வீட்டைப் பிரிந்த தனிமை. லீவுக்கு வந்த பிள்ளை பேசாமல் முடங்கிக் கிடந்தால் பெற்றோர் முதலில் தேடுவது ஓதிப் பார்ப்பவரை. விவரம் தெரிந்தவர்கள், "யாராவது ஒரு கவுன்சிலிங் டாக்டர் இருக்கிறாரா?" என்று கேட்கிறார்கள். அந்த 'யாராவது' என்பதில்தான் சிக்கல்.

கண் வலிக்கு எலும்பு டாக்டரிடம் நாம் போவதில்லை. மனதுக்கும் அப்படியே. ஹிஜ்ரி 322இல் வஃபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் மன நலத்தையும் ஒரே நூலில் எழுதியவர். கோபம், அச்சம், கவலை, வஸ்வாஸ் என்று மனத் துன்பங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி சொன்னார்.

ஒருவர் ஏன் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார்?

பெரும்பாலும், கவனிக்க ஆளில்லாத ஒரு வேதனையை அவர் அருகிலிருந்து பார்த்திருப்பார். சென்னையிலேயே மூன்று உதாரணங்கள் உண்டு.

டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர். ஓய்வுக்குப் பின், 1984இல், மனச்சிதைவு நோய்க்கென்றே 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். மருந்தோடு மறுவாழ்வும் குடும்பத்தின் ஆதரவும் தேவைப்படும் நோய் அது.

சாந்தி ரங்கநாதன் குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்தவர். 1980இல் போதை மீட்புக்கென மருத்துவ நிலையம் தொடங்கினார். இன்று அது டிடிகே மருத்துவமனை.

டாக்டர் லட்சுமி விஜயகுமார் தற்கொலைத் தடுப்பைத் தன் துறையாக்கி, 1986இல் 'ஸ்நேகா'வை நிறுவினார்.

ஒரே நோயைப் பல ஆண்டுகள் பார்த்தவருக்கு, மற்றவர் கண்ணில் படாத அறிகுறியும் தெரியும். பிரிவு என்பதன் பயன் அதுதான்.

நாம் எந்தக் கதவைத் தட்டுவது?

இல்லாத குரல் கேட்கிறது, எல்லோர் மீதும் சந்தேகம், பல நாள் தூக்கமில்லை என்றால் மனநல மருத்துவர். மருந்து எழுதும் தகுதி அவருக்கே உண்டு, ஆலோசகருக்கு இல்லை. குடி, கஞ்சா, மாத்திரைப் பழக்கம் என்றால் போதை மீட்பு மையம். பேச்சு, படிப்பில் பின்தங்கும் குழந்தைக்குக் குழந்தை மனநல நிபுணர். கணவன் மனைவி பிணக்கு என்றால் குடும்ப நல ஆலோசகர். போகும் இடத்தில், "நீங்கள் அதிகம் பார்ப்பது எந்தப் பிரச்சினை? என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். வைத்தியம் அறியாதவர் வைத்தியம் செய்தால் அதன் விளைவுக்கு அவரே பொறுப்பு என்றும் எச்சரித்தார்கள். இது ஆலிம்களாகிய எங்களுக்கும் சேர்த்துத்தான். துஆ செய்வதும் ஆறுதல் சொல்வதும் எங்கள் வேலை. நோயைக் கண்டறிவது அந்தத் துறையினரின் வேலை. ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

தவறான கதவைத் தட்டியதன் விலையை நம் சமுதாயம் அறியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். குணமடைவார்கள் என்று நம்பிக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள்.

பிள்ளை "வாழப் பிடிக்கவில்லை" என்று சொன்னால் நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. இரவிலும் பேசலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

மருத்துவம் ஃபர்ளு கிஃபாயா என்பார் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). உளவியல் படிக்கும் நம் பிள்ளைகள், மஹல்லாவில் எந்த வேதனைக்கு ஆளில்லை என்று பார்த்துத் துறையைத் தேர்ந்தெடுக்கட்டும். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.