ஜெனரேட்டர் வாங்கப் போகிறீர்களா? ஏவிஆர் எதைக் காக்கும், எதைக் காக்காது

அக்டோபர் மூன்றாம் வாரம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம். 2016 டிசம்பரில் வர்தாவையும் 2023 டிசம்பரில் மிக்ஜாமையும் பார்த்த சென்னைக்காரர்களுக்குப் புயலுக்குப் பிந்தைய இருட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு டெல்டாவின் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. மழைக்கு முன் ஒரு சிறிய பெட்ரோல் ஜெனரேட்டராவது வாங்கிவிட வேண்டும் என்று நினைக்கும் வாசகர்கள் அனுப்பும் கடிதங்களில் ஒரே குழப்பம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: "ஏவிஆர் இருக்கிறது, டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒன்றும் ஆகாது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?"

பாதிதான் நம்பலாம். ஏவிஆர் என்பது ஒரு சிறிய போர்டு. வெளியே போகும் வோல்டேஜைக் கவனித்து, ரோட்டர் காயிலுக்குப் போகும் கரண்டைக் கூட்டியும் குறைத்தும் 230-ஐ ஒட்டி நிறுத்துவது அதன் வேலை. ஃபிரீக்வன்சி அதன் கையில் இல்லை, எஞ்சினின் கையில் இருக்கிறது. சாதாரண ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் வரும். சுமை இல்லாதபோது 52 ஹெர்ட்ஸை ஒட்டி ஓடும், சுமை ஏறினால் இறங்கும். நம் மின்கட்டமைப்புக்கு விதிக்கப்பட்ட வரம்போ 49.90 முதல் 50.05 வரைதான்.

அலையின் வடிவத்தையும் ஏவிஆர் திருத்தாது. 230 வோல்ட் சைன் அலையின் உச்சி சுமார் 325 வோல்ட். டிவி, கம்ப்யூட்டரின் பவர் சப்ளைகள் அந்த உச்சியில்தான் கரண்டை இழுக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும்போது சிறிய ஜெனரேட்டரின் அலை தலை தட்டிப்போகிறது. அப்போதும் மல்டிமீட்டர் 230 என்றே காட்டும். இந்தக் கோணலைச் சதவீதமாகச் சொல்லும் அளவுக்கு டிஎச்டி என்று பெயர். வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் அது 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஐஇஇஇ 519 தரம். பெட்டியில் 'பியூர் சைன் வேவ்' என்று அச்சிட்டுவிட்டு, டிஎச்டி எத்தனை சதவீதம் என்று கையேட்டில் எங்கும் சொல்லாத ஜெனரேட்டரை நான் நம்பமாட்டேன். நீங்களும் நம்பாதீர்கள்.

பெட்ரோல் தீரும் நேரத்தைத்தான் நான் உண்மையில் அஞ்சுகிறேன். டேங்க் வற்றும்போது எஞ்சின் உடனே நிற்பதில்லை. திணறி வேகம் குறையும், மீண்டும் சட்டென்று எகிறும், மறுபடி குறையும். வேகம் குறையும்போது வோல்டேஜ் இறங்குவதைப் பார்க்கும் ஏவிஆர், அதைத் தூக்கிப் பிடிக்க ரோட்டருக்குக் கரண்டை அள்ளிக் கொடுக்கிறது. அடுத்த கணம் எஞ்சின் எகிறுகிறது. ரோட்டரின் காந்தப்புலம் கரண்டைக் குறைத்த உடனே வடிந்துவிடாது, அதற்குச் சற்று நேரம் வேண்டும். பலமான காந்தமும் அதிக வேகமும் சேரும் அந்த நொடியில் வோல்டேஜ் 230-ஐத் தாண்டி மேலே போகிறது. காப்பாற்ற வைத்த போர்டே அடியைப் பலமாக்குகிறது. ஏவிஆர்கூட இல்லாமல் கண்டன்சரை மட்டும் நம்பி ஓடும் மலிவான ரகங்களில் வோல்டேஜ் எஞ்சின் வேகத்தோடு நேராகவே ஏறி இறங்கும். ஆகவே டேங்க் வற்றும்வரை ஓட்டாதீர்கள். நிறுத்துவதற்கு முன் எல்லாச் சுமையையும் அணைத்துவிடுங்கள். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடும் வீடுகளில் இதை ஒருவர் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வது அவசியம்.

"வீட்டில் யுபிஎஸ் இருக்கிறது, அது ஜெனரேட்டர் கரண்டைச் சுத்தப்படுத்தாதா?" என்பது அடுத்த கேள்வி. சுத்தப்படுத்தாது. நம் வீடுகளில் இருக்கும் சாதாரண யுபிஎஸ், வெளியிலிருந்து கரண்ட் வரும்வரை அதை ஒரு ரிலே வழியாக அப்படியே வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, ஓரமாக பேட்டரியை மட்டும் சார்ஜ் செய்கிறது. ஜெனரேட்டர் கரண்ட் ஆடினால் அதை ஏற்காமல் பேட்டரிக்கே மாறி மாறிப் போகும். அந்தத் தொல்லை தாங்காமல், பின்புறம் இருக்கும் சுவிட்சை 'யுபிஎஸ் மோட்'-இலிருந்து 'நார்மல் மோட்'-க்குத் தள்ளிவிடுகிறார்கள். தொல்லை நிற்கும்தான். ஆனால் 'யுபிஎஸ் மோட்'-இல் ஏறத்தாழ 180 முதல் 260 வோல்ட் வரை மட்டும் உள்ளே விட்ட யுபிஎஸ், இப்போது 100 முதல் 290 வரை எதையும் உள்ளே விடும். எந்தக் கருவிகளுக்காகக் கவலைப்பட்டோமோ அவற்றுக்கே கதவைத் திறந்துவிடுகிறோம். ஆன்லைன் யுபிஎஸ் மட்டும் வேறு: வருவதை டிசியாக்கி, மறுபடி புதிதாக ஏசி செய்து தரும்.

அதே வேலையைத் தனக்குள்ளேயே செய்வதுதான் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். காந்தங்கள் நிறைந்த ரோட்டரிலிருந்து வரும் கரண்ட் முதலில் டிசியாகிறது. பிறகு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் மின்னணு சுவிட்சுகள் அதைப் புது சைன் அலையாக வார்க்கின்றன. 50 ஹெர்ட்ஸை முடிவு செய்வது போர்டில் இருக்கும் கடிகாரம். எஞ்சின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் வெளியே வரும் அலை மாறாது. சுமை குறைவாக இருக்கும்போது எஞ்சின் வேகத்தைக் குறைத்துப் பெட்ரோலையும் சத்தத்தையும் மிச்சப்படுத்த முடிவது இதனால்தான். நல்ல ரகங்களில் டிஎச்டி 3 சதவீதத்துக்குள் இருக்கும். பெட்ரோல் தீர்ந்து டிசி போதாமல் போனால் போர்டு வெளியீட்டைத் துண்டித்துவிடும். குறைகளும் உண்டு. விலை அதிகம், போர்டு போனால் உள்ளூர் மெக்கானிக்கால் சரிசெய்ய முடியாது, ஃப்ரிட்ஜ் ஸ்டார்ட் ஆகும் அந்த நொடிச் சுமைக்கே சிறிய ரகங்கள் ஓவர்லோடில் நின்றுவிடும்.

அப்படியானால் எல்லோருக்கும் அது வேண்டுமா? வேண்டாம். லேப்டாப், செல்போன் சார்ஜர்களில் '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று எழுதியிருக்கும், அவை ஓரளவு ஆட்டத்தைத் தாங்கிக்கொள்ளும். ஃபேன், விளக்கு, சார்ஜர் மட்டும் என்றால் ஏவிஆர் ரகமே போதும். வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ், மருத்துவக் கருவி என்று போர்டை நம்பி ஓடுபவை இருந்தால் இன்வெர்ட்டர் ஜெனரேட்டருக்குச் செலவழியுங்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

'மேக்ஸ் 3 கேவிஏ' என்றால்? சற்று நேரத்துக்கு மட்டும் தரக்கூடியது; தொடர்ந்து எத்தனை வாட்ஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்டெபிலைசர் வைத்தால்? வோல்டேஜை மட்டும் மாற்றும், அலையைத் திருத்தாது.

பால்கனியில் வைக்கலாமா? கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, உயிரை எடுத்துவிடும். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி வையுங்கள்.

சுவர் பிளக்கில் செருகி வீடு முழுக்கக் கொடுக்கலாமா? ஒருபோதும் கூடாது. உங்கள் 230 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி ஏறினால் 11,000 வோல்ட்டாகி, கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனைக் கொன்றுவிடும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சை எலெக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள்.

மழை முடிந்து மூலையில் வைக்கும்போது? கார்புரேட்டரில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்.