ஈரி ஏரிக்கரையில் வசந்தப் பறவைகள்

வட அமெரிக்காவின் படத்தை எடுத்துப் பாருங்கள். கனடாவுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் இடையே ஐந்து பேரேரிகள் கிடக்கின்றன. அவற்றுள் தெற்கே உள்ளது ஈரி. பெயரளவில்தான் ஏரி, பரப்போ ஏறத்தாழ 25,700 சதுர கிலோமீட்டர். இதன் வடகரையிலிருந்து ஈட்டியின் நுனிபோல ஒரு மணல்முனை தெற்கு நோக்கி நீருக்குள் நீண்டிருக்கிறது. அதற்குப் பீலி முனை என்று பெயர். 'மொட்டை முனை' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் சிதைவே அது. தமிழில் பீலி என்றால் மயிற்றோகை அன்றோ? பறவைகளுக்குப் புகழ்பெற்ற இடத்திற்கு இப்பெயர் வாய்த்தது நம் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. 1918ஆம் ஆண்டிலேயே கனடா அரசினர் அம்முனையைத் தேசியப் பூங்காவாக்கிவிட்டனர்.

மே மாதத்தில் இம்முனையைத் தேடி உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அவர்கள் காண விரும்புவது பெரும்பாலும் வார்ப்ளர் என்னும் சின்னஞ்சிறு பறவைகளை. நம் நாட்டுக் கதிர்க்குருவிகளையும் ஆங்கிலத்தில் அப்பெயராலேயே அழைக்கிறார்கள். ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். அமெரிக்க வார்ப்ளர் ஒன்றின் எடை பெரும்பாலும் 10 கிராம் அளவே. நிறமோ மஞ்சள், செம்மஞ்சள், நீலம், கருமை எனப் பலவகை. குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் கழித்துவிட்டு, வடகாடுகளில் தளிர் விடும் பருவத்தில் அவை திரும்புகின்றன. தளிரைத் தின்னப் புழுக்கள் தோன்றும். புழுக்களைத் தின்னக் குஞ்சுகளுக்கு வாய் திறந்திருக்கும். வடக்கே கோடையில் பகற்பொழுதும் நீளம். இத்துணைத் தொலைவு பறப்பதன் பயன் இதுவே.

இவை பயணம் செய்வது இரவில். இரவுக் காற்று குளிர்ந்தது. வல்லூறுகளின் தொல்லை குறைவு. பகலை இரை தேடுவதற்கு வைத்துக்கொள்ளலாம். விண்மீன்களையும் பூமியின் காந்தப் புலத்தையும் துணையாகக் கொண்டே அவை திசை அறிகின்றன என்பது 1960களில் நடந்த ஆராய்ச்சிகளால் விளங்கிற்று.

இனி, பீலி முனைக்கு மட்டும் ஏன் இவ்வளவு சிறப்பு? தென்றல் வீசும் ஓர் இரவில் ஒகாயோ மாநிலத்தின் கரையிலிருந்து பறவைகள் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். நடு ஏரியில் வடக்கிலிருந்து குளிர்காற்றும் மழையும் எதிர்ப்படுகின்றன. கீழே இறங்க நிலமில்லை. உடலில் சேர்த்துவைத்த கொழுப்போ கரைந்துகொண்டே வருகிறது. விடியலில் முதலில் கண்ணுக்குத் தெரியும் நிலம் அந்த மணல்முனை. கிடைத்த இடத்தில் வந்து விழுகின்றன. அத்தகைய காலைப்பொழுது ஒன்றில் நான் அங்கு நின்றிருக்கிறேன். வழக்கமாக மர உச்சியில் அண்ணாந்து தேட வேண்டிய பறவைகள், என் காலடியில், ஈர மணலில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்து அஞ்சவும் அவற்றுக்கு வலிமையில்லை. பறவை நோக்குவோர் இதைப் பெரும்பேறு என்கின்றனர். பறவைகளுக்கு அது உயிர்ப்போராட்டம் என்பதையும் உடன் நினைக்க வேண்டும். ஏரியிலேயே விழுந்து மடிந்தவற்றை யார் எண்ணினார்?

இவ்வழியே செல்லும் ஒரு பறவையின் வரலாற்றைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். கேர்ட்லண்டு வார்ப்ளர் என்பது அது. 1851ஆம் ஆண்டு மே மாதத்தில் இதே ஏரியின் தென்கரையில், கிளீவ்லண்டு நகருக்கு அருகே அகப்பட்ட ஒன்றைக் கொண்டே அறிவியலார் இதற்குப் பெயரிட்டனர். குளிர்காலத்தில் பஹாமாத் தீவுகளில் வாழ்வது பின்னர்த் தெரிந்தது. கூடு எங்கே? அது 1903இல்தான் மிச்சிகன் மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஜாக் பைன் என்னும் மரத்தின் இளங்காட்டில் மட்டுமே இது கூடு கட்டும். மரம் வளர்ந்து முதிர்ந்தால் அவ்விடத்தை விட்டுவிடும். அம்மரத்தின் காய்களோ தீயின் வெப்பம் பட்டால்தான் நன்கு வெடித்து விதை சிந்தும். மனிதர் காட்டுத்தீயை அணைக்கத் தொடங்கினர், இளங்காடுகள் அருகின. போதாக்குறைக்கு, கௌபேர்டு என்னும் பறவை, நம் குயில் காக்கைக் கூட்டில் செய்வதுபோல, இதன் கூட்டில் முட்டையிட்டு வந்தது. 1961இல் பாடும் ஆண்பறவைகள் 502 இருந்தன, 1971இல் 201, 1974இல் 167.

1972 முதல் கௌபேர்டுகளைப் பிடித்து அகற்றினர். எண்ணிக்கை குறைவது நின்றது, ஆனால் ஏறவில்லை. 1980 மே மாதத்தில், இளங்காடு உண்டாக்கவென்று வைத்த சிறு தீ, கட்டுக்கடங்காமல் பரவி வீடுகளை அழித்தது; காட்டிலாகா ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். கொடுமையான விபத்துதான். எனினும் அந்தச் சாம்பல் நிலத்தில் முளைத்த ஜாக் பைன் காட்டில், பத்தாண்டுக்குப் பின் பறவைகள் பெருகின. 2019இல், 2,000 இணைகளுக்கு மேல் இருந்ததால், அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து இதன் பெயர் நீக்கப்பட்டது.

அதனால் வேலை முடிந்துவிடவில்லை. இன்று நட்ட கன்று இருபது ஆண்டில் இப்பறவைக்கு உயரமாகிவிடும். ஆகவே மிச்சிகனில் ஒரு பகுதியை வெட்டி, மறு பகுதியில் ஆண்டுதோறும் புதிய கன்றுகளை நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.