கட்டைக்கு உள்ளே ஓர் எண்

இரண்டு வரிசையில் எட்டுக் குமிழ்கள் கொண்ட லெகோ கட்டை வீட்டில் கிடந்தால் திருப்பிப் பாருங்கள். உட்புறத்தில் பொடி எழுத்தில் 3001 என்று இருக்கும். அந்த வடிவத்துக்கான எண் அது. பெட்டி கிழிந்து, செய்முறைப் புத்தகம் தொலைந்து, பாதிக் கட்டைகள் காணாமல் போன செட்டைக்கூட இப்படிப்பட்ட எண்களை வைத்து மீட்டுவிடலாம். இதைச் சாத்தியமாக்கியவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ரசிகர்கள்.

டென்மார்க்கின் பில்லுண்டைச் சேர்ந்த லெகோ நிறுவனம் 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கட்டையின் அளவு இன்றும் மாறவில்லை. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ. அப்பா விளையாடிய கட்டை மகளின் புது செட்டில் சிக்கெனப் பொருந்தும். பழைய கட்டைகளைத் தேடி அலைபவர்கள் இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

1995-இல் ஆஸ்திரேலியரான ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன், கணினியிலேயே லெகோ கட்டும் எல்டிரா என்ற மென்பொருளை உருவாக்கினார். அதில் ஒரு கட்டைக்கு ஒரே ஒரு வரிதான். முதலில் வரி வகைக்கான எண். அடுத்து நிறம், 4 என்றால் சிவப்பு. பிறகு கட்டை நிற்கும் இடத்துக்கு மூன்று எண்கள். அது திரும்பியிருக்கும் விதத்துக்கு ஒன்பது. கடைசியில் 3001 போன்ற கட்டையின் எண். சாதாரண எழுத்துக் கோப்பு என்பதால் யார் வேண்டுமானாலும் புதுக் கட்டைகளை வரைந்து சேர்க்க முடிந்தது. ஜெஸ்ஸிமன் 1997-இல் காலமானார். அவர் தொடங்கிய கட்டை நூலகத்தை ரசிகர்கள் இன்றும் வளர்த்து வருகிறார்கள்.

கட்டைகளை வாங்கவும் விற்கவும் பிரிக்லிங்க் என்ற இணையதளம். 2000-இல் டேன் ஜெஸெக் தொடங்கியது. செட்டாக மட்டுமின்றி, ஒற்றைக் கட்டையாகவும் அங்கே வாங்கலாம். அதற்கு நிறம் துல்லியமாகத் தெரிய வேண்டும். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தை லேசான நீலச் சாயலுக்கு மாற்றியது, ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். பழைய சாம்பல் கோட்டையில் புதுச் சாம்பல் கட்டையைச் செருகினால் ஒட்டுப் போட்டதுபோல் தெரியும். போதாக்குறைக்கு, நிறுவனம் 'மீடியம் ஸ்டோன் கிரே' என்று சொல்லும் புதுச் சாம்பலை பிரிக்லிங்க் 'லைட் புளூயிஷ் கிரே' என்கிறது. செட் வெளியான ஆண்டைப் பார்த்துவிட்டு வாங்குவதே பாதுகாப்பு.

பிரிக்லிங்க்கை 2019-இல் லெகோ நிறுவனமே வாங்கிவிட்டது. ஆனால் அதிலுள்ள கட்டைப் பட்டியல் ரசிகர்களின் உழைப்பு. அது எல்லோருக்கும் திறந்தே இருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

காசு செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்கு ரீபிரிக்கபிள் என்ற இணையதளம். கையிலுள்ள செட்களின் எண்களைப் பதிந்தால், அதே கட்டைகளைக் கொண்டு வேறு என்னென்ன கட்டலாம் என்று அது காட்டும். ஒரு பெட்டி வாங்கிய குழந்தைக்குப் பல பொம்மைகள் கிடைக்கின்றன. என் கணக்கில் இந்தத் தளங்களிலேயே பயனுள்ளது இதுதான்.

செய்முறைப் புத்தகம் தொலைந்தவர்கள் லெகோ இணையதளத்தில் செட் எண்ணைத் தட்டிப் பாருங்கள். பழைய செட்கள் பலவற்றின் புத்தகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வெளிநாட்டு விற்பனையாளரிடம் கட்டை வாங்குவதானால், கட்டையின் விலையைவிட அஞ்சல் செலவு கூடிவிடலாம். தேவையானவற்றை மொத்தமாகச் சேர்த்து ஒரே கடையில் வாங்குங்கள்.