பேட்டைக்கு ஒரு கடை – 9: “பத்து நிமிஷம் ஆகும்ணே”

நல்ல காப்பிக் கடையைத் தேடுகிறவர்கள் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்க்கக் கூடாது. அந்த நேரத்தில் அநேகமாக எல்லாக் கடையிலும் காப்பி நன்றாகத்தான் இருக்கும். டிகாஷன் அப்போதுதான் இறங்கியிருக்கும், பால் பொங்கிய சூட்டோடு இருக்கும், மாஸ்டரும் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு தெம்பாக நிற்பார். பதினொன்றரைக்குப் போங்கள். இல்லையென்றால் மாலைக் கூட்டம் சேருவதற்கு முன்னால், மூன்று மணி வாக்கில் போங்கள். “அண்ணே, ஒரு காப்பி” என்று கேளுங்கள். “டிகாஷன் இறங்கிக்கிட்டு இருக்குண்ணே, பத்து நிமிஷம் ஆகும்” என்று பதில் வந்தால் அந்தக் கடையை விட்டுவிடாதீர்கள். எந்த நேரத்தில் கேட்டாலும் உடனே டம்ளரை நீட்டுகிற கடையைவிட, வந்த ஆளிடம் இல்லை என்று சொல்லத் துணிகிற கடை எனக்கு மேலானது.

சென்ற வாரம் கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையோடு நிறுத்தியிருந்தேன். ஏற்காட்டிலும் தாண்டிக்குடியிலும் மரநிழலில் காய்த்த பழம் அங்கே தூளாகும்வரை பார்த்தோம். அந்தத் தூள் தெருமுனைக் கடைக்குப் போனபிறகு நடப்பதைப் பார்ப்போம்.

கடையில் டிகாஷன் போடுவதற்கு ஒரு கணக்கு உண்டு. டம்ளருக்குப் பத்து கிராம் தூள் என்று வைத்துக்கொண்டால், 250 கிராமில் 25 காப்பி வரும். அந்தத் தூளை ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் கொட்டி லேசாக அமுக்கி, தளதளவென்று கொதித்து அடங்கிய வெந்நீரை ஒன்றேகால் லிட்டர் ஊற்றினால் கீழே முக்கால் லிட்டர்தான் வரும். மிச்சத்தைத் தூள் குடித்துவிடும். அமுக்குவதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. அதிகம் அமுக்கினால் தண்ணீர் இறங்காமல் நிற்கும், தளர விட்டால் கடகடவென்று ஓடிவிடும். ஓடி இறங்கிய டிகாஷனில் நிறம் இருக்கும், சாரம் இருக்காது. கால் மணி, இருபது நிமிஷம் சொட்டுச் சொட்டாக இறங்கினால் கள்ளிச்சொட்டாகக் கிடைக்கும்.

அப்படிக் கிடைத்த டிகாஷன் காத்திருக்காது. வாசனை என்பது ஆவியாகிற சரக்கு. தெருமுனை வரைக்கும் காப்பி மணக்கிறதென்றால், பாத்திரத்திலிருந்து அது போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மணி நேரம் ஆனபின் மணம் பாதியாகிவிடும். சூடு ஆறக் கூடாதென்று அடுப்போரத்தில் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். புளிப்பும் துவர்ப்பும் ஏறும். காலையில் ஒரு கிலோ தூளைப் பெரிய ஃபில்டரில் போட்டு மத்தியானம் வரை ஓட்டும் கடைகளில் பதினொரு மணிக் காப்பி கசப்பது இதனால்தான். மாஸ்டர் அதை மறைக்கச் சர்க்கரையைக் கூட்டுவார், தீர்ந்துபோன தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இரண்டாம் டிகாஷனையும் கலப்பார். குடித்தவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது. அடுத்த நாள் டீ சொல்லிவிடுவார்.

ஆகவே கெட்டிக்காரக் கடைக்காரர்கள் ஒரு பெரிய ஃபில்டர் வைத்துக்கொள்வதில்லை. சின்னதாக மூன்று வைத்திருப்பார்கள். ஒன்று தீரும்போது அடுத்தது இறங்கி முடிந்திருக்க வேண்டும், மூன்றாவதில் தூள் போட்டுத் தயாராக இருக்க வேண்டும். இந்தச் சுற்றைத் தவறாமல் ஓட்டுவதற்கு, எந்த மணிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பேட்டைக் கடையின் பலமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஐந்து மணிக்குப் பேப்பர் போடும் பையன்கள், பால்காரர்கள். ஆறிலிருந்து நடைப்பயிற்சி முடித்தவர்கள். பத்தரைக்குப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு வந்து காத்திருக்கிறவர்கள். நாலு மணிக்குப் பள்ளி வேன் ஓட்டுநர்கள். பிரதோஷத்தன்று கோயில் விட்டு வரும் கூட்டம் தனி. முகூர்த்த நாளென்றால் பக்கத்து மண்டபத்திலேயே காப்பி கிடைத்துவிடும், வியாபாரம் குறையும். கடைக்காரர் இதையெல்லாம் எழுதி வைப்பதில்லை. காலண்டரை ஒருதரம் பார்த்துவிட்டுத் தூளை அளக்கிறார். புறவழிச்சாலையில் பளபளக்கும் பித்தளை டபராக்களோடு நிற்கும் கடைகளுக்கு இந்த வசதி கிடையாது. எந்த பஸ் எப்போது நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. கூட்டம் வந்தால் இருக்க வேண்டுமே என்று முன்கூட்டியே இறக்கி வைக்கத்தான் வேண்டியிருக்கிறது. அவர்கள் தூளில் குறை இல்லாமல் இருக்கலாம். வருகிறவர் யாரென்று தெரியாததுதான் குறை.

புதிதாகக் கடை போட நினைக்கிற இளைஞர்கள் சிலர் என்னிடம் எந்தத் தூள் வாங்கலாம், என்ன இயந்திரம் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். முதலில் அந்தத் தெருவில் ஒரு மாதம் போய் நில்லுங்கள் என்றுதான் சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், மணிக்கு மணி யார் போகிறார்கள், யார் நிற்கிறார்கள், யாருக்குக் கையில் நேரம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தூள் விஷயத்தில் சிக்கரியைப் பழிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிக்கரி ஒரு செடியின் கிழங்குபோன்ற வேர். அதை வறுத்து அரைத்துச் சேர்த்தால் டிகாஷனுக்கு நிறமும் கனமும் வரும். பாலை ஊற்றினாலும் தாங்கி நிற்கும். நூற்றுக்கு இருபது பங்கு சேர்த்த தூளில் நல்ல கடைக் காப்பி போடலாம். சட்டப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அந்த எல்லை வரைக்கும் போகிற கடைகளில்தான் கோளாறு. பார்வைக்குக் கறுப்பாக, கெட்டியாக இருக்கும். குடித்தபின் நாக்கில் கருகல் இனிப்பு மட்டும் மிஞ்சும். சிக்கரியில் காஃபீன் கிடையாது என்பதால் தலைவலியும் போகாது.

2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் இந்தச் சோதனை எல்லாக் கடைகளுக்கும் வந்தது. பிரேசிலில் வறட்சி, அதற்கு முன்பே வியட்நாமில் வறட்சி. அரபிகாவின் விலை உலகச் சந்தையில் அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. ரோபஸ்டாவும் கூடவே ஏறியது. நம் தெருவில் தூள் விலை வாராவாரம் மாறிற்று. கடைக்காரருக்கு வழிகள் கொஞ்சம்தான்: சிக்கரியைக் கூட்டலாம், டம்ளரைச் சிறிதாக்கலாம், விலையை ஏற்றலாம். மதுரையில் நான் வழக்கமாகப் போகும் கடையில் விலையை ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முந்தின வாரமே வருகிற ஒவ்வொருவரிடமும் கல்லாவில் இருந்தவர் வாயால் சொன்னார். “தூள்ல கை வைக்க மனசு வரலண்ணே, அடுத்த வாரத்துலருந்து மூணு ரூபா கூடும்.” சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் ஒருவேளைக் காப்பியைக் குறைத்தார்கள். கடை மாறினவர்கள் குறைவு. விலை ஏறுகிறபோது ஜனங்கள் கோபப்படுவார்கள் என்று பயந்து ருசியைக் குறைப்பவர்கள், ஜனங்களின் நாக்கைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

பால் தனிக் கதை. லிட்டருக்கு எட்டு ஒன்பது காப்பி வரும் என்பதால் கடைக்காரரின் பணம் அதிலும் நிறையப் போகிறது. ஆவின் பச்சை பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், ஆரஞ்சில் 6. கடைகளில் இரண்டும் ஓடுகின்றன. கறந்த பால் வாங்கும் கடைகளும் இருக்கின்றன. அங்கே லாக்டோமீட்டரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அது பாலின் அடர்த்தியைத்தான் காட்டும். தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி குறையும், வெண்ணெயை எடுத்தால் கூடும். இரண்டையும் அளவாகச் செய்கிறவனிடம் கருவி தோற்றுவிடும். அதனால் பழைய மாஸ்டர்கள் பாலைக் காய்ச்சி ஆடையைப் பார்ப்பார்கள், விரல் நுனியில் தொட்டுப் பார்ப்பார்கள். நல்ல பாலையும் கெடுக்க வழி இருக்கிறது. அகலமான பாத்திரத்தில் நாள் முழுக்கக் கொதிக்கவிட்டு, குறையக் குறையப் பச்சைப் பாலைச் சேர்த்துக்கொண்டே போவது. அந்தப் பாலில் ஒரு வேகல் வாடை ஏறிவிடும், காப்பியின் மணம் அதன்கீழ் அமுங்கிவிடும். 19 கிலோ சிலிண்டரும் அதனால் சீக்கிரம் காலியாகும். டிகாஷனைப் போலவே பாலையும் சின்னச் சின்னதாக, வேண்டும்போது காய்ச்சுகிற கடைதான் ஜெயிக்கிறது.

இத்தனையும் மாஸ்டரின் கையில் இருக்கிறது. விடியற்காலை நாலரைக்கு வந்து, மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்து, இரவு ஒன்பதுக்குப் போகிறவர். நூறு ரூபாய் கூடக் கொடுக்கிற கடைக்கு அவர் போய்விட்டால் ருசியும் அவரோடு போய்விடும். இதற்கு ஒரு பதில் நம் நாட்டிலேயே இருக்கிறது. காப்பி வாரியம் தன் காப்பி ஹவுஸ்களை மூடி ஊழியர்களை வெளியே அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களோடு நின்றார். 1957-ல் பெங்களூரில் முதல் காப்பித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. இந்தியன் காப்பி ஹவுஸ் இன்றும் நடப்பது அந்தச் சங்கங்களின் கையில்தான். பரிமாறுகிறவரே பங்குதாரர். புதுச்சேரி நேரு வீதியில் இருப்பது அந்தக் குடும்பத்துக் கடைதான். தெருமுனைக் கடைக்குச் சங்கம் சாத்தியமில்லை. ஆனால் மாஸ்டருக்கு லாபத்தில் ஒரு பங்கு என்று பேசிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. அப்படிப் பேசிக்கொண்ட கடைகளில் டிகாஷன் தீரும்போது மாஸ்டர் கல்லாவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தானே முடிவெடுத்துப் புதிதாகப் போடுகிறார்.

குடிக்கிற நமக்கும் வேலை இருக்கிறது. பத்து நிமிஷம் என்றால் நிற்க வேண்டும். பழசு இருந்தால் கொடுங்கள் என்று அவசரப்படுத்தக் கூடாது. சர்க்கரை வேண்டாமென்றால் கலப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஸ்ட்ராங்கா, மீடியமா, லைட்டா என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. சில நாட்களில் சொல்லாமலே வரும். கையில் வந்ததும் டபராவில் ஒருமுறை ஆற்றிவிட்டு, சூடு இருக்கும்போதே குடித்துவிட வேண்டும். செல்போனைப் பார்த்துக்கொண்டு ஆறவிட்டால் இவ்வளவு பேர் பட்ட பாடும் வீண். பார்சலைக் கூடுமானவரை தவிர்க்கலாம். பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அது இருந்தும் பல கடைகளில் இன்னும் ஓடுகிறது. வெந்நீரில் அலசிய எவர்சில்வர் டம்ளருக்கு ஈடாக எதுவும் வந்துவிடவில்லை.

அந்த டம்ளரை எல்லோருக்கும் ஒரே மாதிரி நீட்டிவிடவில்லை நம் ஊர்க் கடைகள். காப்பி தமிழ்நாட்டில் பரவிய காலத்தில் காப்பி ஹோட்டல்கள் பல சாதியின் பெயரைப் பலகையிலேயே எழுதி வைத்திருந்தன. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் நடத்திய மறியல் பல மாதங்கள் நீடித்தது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பின்னும் வெகுகாலம் இருந்தது. சில இடங்களில் அது இன்னும் ஒழியவில்லை என்று செய்தி வரும்போது, அந்தக் கடையின் சரக்கு எவ்வளவு தரமாக இருந்தாலும் எனக்கு அது கடையாகவே தோன்றுவதில்லை. பேட்டை என்று நாம் சொல்வதில் யாரெல்லாம் சேர்த்தி என்பதைக் கடைதான் தினமும் காட்டிக்கொடுக்கிறது.

பெண்கள் விஷயத்திலும் அப்படித்தான். வாசலில் ஆண்கள் நின்று குடிக்கும் கடையில் ஒரு பெண் தனியாக வந்து “ஸ்ட்ராங்கா ஒண்ணு” என்று கேட்பது இன்னும் பல ஊர்களில் எளிதில்லை. நான் சொன்ன மதுரைக் கடையில் போன வருஷம் பக்கவாட்டில் இருந்த சாமான் அறையைக் காலி செய்து, மின்விசிறி மாட்டி, இரண்டு பெஞ்சு போட்டார்கள். பலகை எதுவும் வைக்கவில்லை. முதலில் மருத்துவமனையில் உறவினரைப் பார்க்க வந்த பெண்கள் உட்கார்ந்தார்கள். பிறகு பக்கத்துத் தையல் கடையில் வேலை செய்கிறவர்கள், பள்ளி விடும்வரை பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அம்மாக்கள். இப்போது மூன்றரை மணிக்கு அந்த அறையில் இடம் கிடைப்பது கஷ்டம். மூன்று மணிக்குப் போனால் பத்து நிமிஷம் காக்க வேண்டியிருந்த கடையில், அந்த நேரத்துக்கென்று தனியாக ஒரு ஃபில்டர் இறங்குகிறது.

(தொடரும்)