கணக்கு வராத பிள்ளை

"இவனுக்கு மற்றப் பாடமெல்லாம் வருகிறது; கணக்குத்தான் வரவில்லை" என்று பெற்றோர் கூறக் கேட்டுக் கேட்டுப் பழகியவன் நான். அவர்கள் அதைச் சொல்லும்போது பிள்ளையும் அருகிலேயே நிற்பான். சில ஆண்டுகளில் அவனும் அதையே சொல்லத் தொடங்குவான். படிப்பை நிறுத்திவிடலாமா என்ற பேச்சும் பல வீடுகளில் அங்கேதான் பிறக்கிறது.

ஆறாம் வகுப்பில் ஒரு மாணாக்கன் இருந்தான். 52லிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுவான். அவனுடைய ஏட்டில் "கவனக்குறைவு" என்று சிவப்பு மையால் பன்முறை எழுதியிருக்கிறேன். ஒரு நாள் மாலை அவனைத் தனியே அமர்த்தி, "எப்படிச் செய்தாய், வாய்விட்டுச் சொல்" என்றேன். "2லிருந்து 7 போகாது ஐயா, ஆகையால் 7லிருந்து 2ஐக் கழித்தேன்" என்றான். அது கவனக்குறைவன்று, கவனமாகக் கைக்கொண்ட தவறான விதி! ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் அதை நான் கண்டிருக்க முடியாது. விடை தவறு என்பது மட்டுமே அங்கே தெரியும்.

அவன் தந்தை மளிகைக் கடை வைத்திருந்தார். "52 ரூபாய் கொடுத்து 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி என்ன தருவாய்?" என்று கேட்டேன். 27க்கு மேல் 3 சேர்த்து 30, பிறகு 20, பிறகு 2 என்று விரல்விட்டு, "25" என்றான். இரண்டு விடைகளையும் பார்த்து நெடுநேரம் பேசாதிருந்தான். நானும் பேசவில்லை. அந்த மௌனத்தைப் பொறுப்பதுதான் ஆசிரியருக்குக் கடினம். நம் கை தானாகவே எழுதுகோலை நாடும். கடைசியில் அவனே 35உடன் 27ஐக் கூட்டி, 62 வரக் கண்டு சிரித்தான். "கடைக்கணக்கு வேறு, பள்ளிக்கணக்கு வேறு என்று நினைத்திருந்தேன் ஐயா" என்றான். கடன் வாங்கிக் கழிக்கும் முறையைப் பத்து ரூபாய்த் தாளைச் சில்லறையாக மாற்றுவது போல விளக்க, அதன்பின் பத்து நிமிடமே போதுமாயிற்று.

அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதிய கட்டுரையில், தனியே கற்பிக்கப்பெற்றோரில் சராசரி மாணாக்கன், வழக்கமான வகுப்பில் பயின்றோரில் 100க்கு 98 பேரை விஞ்சி நின்றதாகக் குறித்தார். பிற்கால ஆய்வுகள் பயனை ஒப்புகின்றன. அத்துணைப் பெரிதாகக் காட்டவில்லை. இருபது பேரைத் திண்ணையில் நெருக்கி உட்காரவைத்து மறுபடியும் பாடம் ஒப்பிப்பதையும் நம் ஊரில் தனிப்பயிற்சி என்கிறார்கள். அதை நான் இங்கே கருதவில்லை.

"நீ கெட்டிக்காரன்" என்று புகழ்ந்து அச்சிறுவனுக்கு நம்பிக்கை ஊட்ட முயன்றதுண்டு, பயனில்லை. முன்பெல்லாம் விடை எழுதியதும் என் முகத்தைப் பார்ப்பான். கழித்ததைக் கூட்டிச் சரிபார்க்கக் கற்றபின் ஏட்டைப் பார்த்தான். சில வாரங்களுக்குப்பின், நான் கரும்பலகையில் எழுதிய கணக்கொன்றில் எழுந்து நின்று, "கூட்டிப் பார்த்தேன் ஐயா, சரியாக வரவில்லை" என்றான். பிழை என்னுடையதே.

இதற்குப் பெரும் புலமை வேண்டுமென்பதில்லை. எழுத்துக்கணக்கு அறியாத தாயும் பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இது எப்படி வந்தது, எனக்குச் சொல்" என்று கேட்கலாம். விடை சரியாக இருக்கும்போதும் கேட்க வேண்டும். தவறும்போது மட்டும் கேட்டால், கேள்வியே தவற்றின் அடையாளம் என்று பிள்ளை கண்டுகொள்வான்.