கருவியின் கணக்கு

தூத்துக்குடி உப்பளத்தில் நண்பகலில் எடுக்கப்படும் ஒளிப்படங்கள் சிலவற்றில், கண்ணைக் கூசச்செய்யும் வெண்ணிற உப்புக்குவியல் அழுக்கேறிய சாம்பல் நிறத்தில் தெரியும். அதனருகே நிற்கும் தொழிலாளியின் முகமோ அடையாளம் காண இயலாதவாறு கறுத்திருக்கும். உழைப்பவரைக் காட்ட எடுத்த படத்தில் உழைப்பவர் முகமே இல்லை!

இது கருவியின் பழுதன்று. கேமராவிலுள்ள ஒளிமானி, பொருளிலிருந்து எதிரொளித்து வரும் ஒளியை மட்டுமே அளக்கிறது. எதிரே இருப்பது உப்பா, யானையா என்பதை அது அறியாது. எக்காட்சியும் சராசரியில் இடைநிலைச் சாம்பல் நிறமாகவே இருக்கும் என்பது அதன் கணக்கு. ஒளிப்படக் கலைஞர்கள் 18 விழுக்காடு ஒளியை எதிரொளிக்கும் சாம்பல் அட்டையைக் கையாள்வதும் இதனை ஒட்டியே. எனவே வெண்மை மிகுந்தால் ஒளியைக் குறைத்துவிடும். கருங்கற்சிற்பத்தைக் கண்டால் ஒளியைக் கூட்டி, கருமையை வெளிறச்செய்யும்.

இதனைத் திருத்த உதவுவதே ஒளியளவு ஈடுசெய்தல். +1 என வைத்தால் ஒளி இருமடங்காகும். -1 என வைத்தால் பாதியாகும். வெண்மைக்குக் கழிக்கவேண்டும் என்றே முதலில் தோன்றும். செய்யவேண்டியதோ நேர்மாறானது: வெண்மைக்குக் கூட்டுக, கருமைக்குக் கழிக்க. உப்பளத்தில் +1 அளவில் தொடங்கலாம். மிகக் கூட்டினால் உப்புமணிகளின் நுண்மை வெண்மையில் கரைந்துபோகும். முகம், மணி இரண்டில் ஒன்றே கிட்டுமெனில் முகத்தைத் தேர்வதே முறை.

கூட்டிய ஒளி எவ்வழியே வருகிறது என்பது படப்பிடிப்பு முறையைப் பொறுத்தது. துளை முன்னுரிமை முறையில் துளை மாறாது; மூடுதிரை திறந்திருக்கும் நேரம் 1/1000 நொடியிலிருந்து 1/500 நொடியாக நீளும். வெயிலில் இதனால் தீங்கில்லை. அந்திப்பொழுதில் 1/30 நொடி 1/15 நொடியாகும்போது கைந்நடுக்கம் படத்தில் பதிந்துவிடும். நேர முன்னுரிமை முறையில் துளை விரிகிறது. வில்லையின் துளை ஏற்கெனவே முழுதும் விரிந்து, ஒளியுணர்திறனும் நிலையாக வைக்கப்பட்டிருப்பின், எத்துணைக் கூட்டினும் படத்தில் மாற்றம் நிகழாது. நிரல்முறையில் துளையையும் நேரத்தையும் கருவியே பார்த்துக்கொள்ளும்.

கைமுறையில் துளை, நேரம், ஒளியுணர்திறன் மூன்றையும் நாமே அமைத்துவிட்டால் ஈடுசெய்தலுக்கு வேலையில்லை. ஒளியுணர்திறனை மட்டும் தானியங்கியாக விட்டால், பல கேமராக்களில் அது 200இலிருந்து 400 ஆக உயர்ந்து ஈடுசெய்யும்.

கேமராவை அணைத்தாலும் பலவற்றில் இவ்வமைப்பு அழிவதில்லை. உப்பளத்தை விட்டு நீங்குமுன் அதனைச் சுழியத்திற்குத் திருப்புதல் வேண்டும்.